வெந்தும் சுருங்காத இறால்

எங்கள் கம்பெனியில் இறாலுக்குத் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜசிந்தாதான். இதை நானாகச் சொல்லவில்லை, மேனேஜர் வக்கச்சன் வாய் நிறையச் சொல்வான். கேரளத்தில் அரூருக்கும் எழுபுன்னைக்கும் நடுவில், காயலை ஒட்டி இருக்கிறது எங்கள் கம்பெனி. நான் அங்கே தரப் பரிசோதனை அறையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ஷைலஜா. மீன்வளத்தில் முதுகலை படித்தவள். படித்தவள் என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் அந்த வார்த்தையை வைத்து என்னைத் திட்ட வேண்டியிருக்கும்.

ஜசிந்தா ஊறல் தொட்டிக்காரி. வெள்ளைப் பொடி ஒன்று இருபத்தைந்து கிலோ சாக்கில் வரும். சாக்கின் மேல் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று நீளமாக எழுதியிருக்கும், நாங்கள் பொடி என்போம். தோலுரித்த இறாலை இந்தப் பொடியும் உப்பும் கரைத்த ஐஸ் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டால், நூறு கிலோவாக உள்ளே போனது நூற்றுப் பத்தாக வெளியே வரும். சதை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். உறைய வைத்து, உருக்கி, வாணலியில் போட்டாலும் லேசில் விடாது. அளவோடு போட்டால் தப்பில்லை, சட்டம் அனுமதித்த பொருள்தான். உறைந்த மீன் உருகும்போது சாறெல்லாம் ஒழுகிச் சக்கையாகிவிடாமல் காக்கும். ஆனால் வக்கச்சனின் அளவு வேறு. பொடி இரண்டு பங்கு, நேரம் இரண்டு பங்கு, டப்பாவின் மேல் மட்டும் 'இறால், உப்பு' என்று அச்சடித்திருக்கும்.

அந்த அளவுக்குப் போட்டால் இறால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெந்த பிறகும் உள்ளே வெள்ளை பிடிக்காது, கடித்தால் ரப்பர், நாக்கில் சோப்பு. வாங்குகிறவன் கண்டுபிடித்துவிடுவான். அதற்கு ஒரு கால் மணி நேரம் முன்னால் எடுத்துவிட வேண்டும், அந்தக் கால் மணி எது என்று ஜசிந்தாவின் விரலுக்குத்தான் தெரியும். தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு, ஒரு இறாலை எடுத்து, முதுகைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. "இன்னும் பத்து நிமிஷம்" என்பாள். அல்லது "தூக்குங்கடீ, தூக்குங்க, குடிச்சது போதும்!" என்று கத்துவாள்.

பொடி கரைப்பதும் அவள்தான். சாதா தண்ணீரில் முதலில் பொடியைத் தூவித் தூவிக் கலக்க வேண்டும், பிறகு உப்பு, கடைசியில்தான் ஐஸ். புதிதாக வந்த ஒருத்தி அவசரத்தில் ஐஸ் தண்ணீரில் சாக்கைக் கவிழ்த்துவிட்டாள். அடியில் சுண்ணாம்பு மாதிரிக் கட்டி தட்டிப் போய், நான்கு பேர் கரண்டி வைத்துச் சுரண்டினார்கள். ஜசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "புருஷன் வீட்டுலயும் இப்படித்தான் அரிசியப் போட்டப்புறம் உலை வைப்பியாடி?" என்று கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஒரு நாள் தொட்டியறையில் என்னிடம் வந்து, "மேடம், இந்தப் பொடிய வேற எதுலதான் போடுறாங்க?" என்று கேட்டாள்.

"நீங்க துணி துவைக்கிற சோப்புத்தூள்ல இருக்கும் சேச்சி. உப்புத் தண்ணியிலயும் அழுக்கு போகணும்ல. பாய்லர்ல பாறை கட்டாம இருக்க இதோட சொந்தக்காரன் ஒருத்தனப் போடுவாங்க. டைல்ஸ் கம்பெனியில களிமண்ணு இளகிக் குழையணும்னா போடுவாங்க. டப்பா சீஸ் உருகுறப்ப எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்கவும் இந்தக் குடும்பத்து உப்புதான்."

"அடேயப்பா! சோப்புக்கும் இதே, சோத்துக்கும் இதேயா? அப்ப நம்ம இறாலத் தின்னா வயித்துக்குள்ள வெள்ளாவி வெச்ச மாதிரி வெளுக்கும்னு சொல்லுங்க!"

தொட்டியறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருவார்கள். வேலைக்காரர்களையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். ஆளுக்கு ஒன்று உளறிவிடக் கூடாதென்று, ஒரே ஒரு வாக்கியம் தயார் பண்ணிக் கொடு என்று வக்கச்சன் என்னிடம் சொன்னான். நான் பண்ணிக் கொடுத்தேன். "பொடி மேலாப்புலதான் இருக்கும், கழுவினா போயிடும்." எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்க வைத்தேன். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். ஜசிந்தா நேராகக் கண்ணைப் பார்த்துச் சொல்வாள். அதனால் எந்த ஆய்வு வந்தாலும் அவளைத்தான் முன்னால் நிறுத்துவோம். எத்தனை வருடம், எத்தனை பேரிடம் சொன்னாளோ! சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். அதுதான் எங்கள் வெற்றி. தூ.

அவள் வீட்டுக் கதை நீளமில்லை. புருஷன் படகோடு மங்களூர்ப் பக்கம் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு கரை ஒதுங்கிவிட்டான். ஒரே மகள் டெல்மா. பி.காம் கடைசி வருடத்தில் முகம் வீங்கிக்கொண்டு வந்தது. தூக்கமில்லாமல் படிக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். மருத்துவமனைக்குப் போன அன்று இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஜசிந்தாவின் வேலையோடு வந்த மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் நடந்தது. கம்பெனி இல்லையென்றால் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் டெல்மா இல்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், வக்கச்சனுக்கு நன்றாகவே தெரியும்.

"என்னோடத எடுத்துக்கங்க டாக்டர், ரெண்டுல ஒண்ணு எனக்கெதுக்கு?" என்று ஜசிந்தா முதல் நாளே சொல்லிவிட்டாள். சோதித்துப் பார்த்தார்கள். பொருந்தியது. கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தாள். ஆனால் டாக்டர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். டெல்மாவின் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறிக் கிடக்கிறது, கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது, டயாலிசிஸிலும் முழுசாக இறங்காது. அது எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவிக்கொண்டுபோய் இதயத்து வால்விலும் ரத்தக்குழாயிலும் படிய வைக்கிறது. ஐந்தரைக்குக் கீழே வந்து இரண்டு மாதம் நிற்க வேண்டும், அப்போதுதான் கத்தியைத் தொடுவேன் என்றுவிட்டார். அப்போது எண் ஏழு புள்ளி எட்டு.

"கோலா, பேக்கரி அயிட்டம், பாக்கெட் கறி, சீஸ் இதெல்லாம் தொடக் கூடாது. சாப்பாட்டுக்கு நடுவுல மாத்திரை. ஆனா சத்து வேணும், முட்டை வெள்ளைக்கரு குடுங்க, கொஞ்சம் மீன், இறால் குடுக்கலாம். வேக வெச்சுத் தண்ணிய வடிச்சுடுங்க."

"இறாலு நம்ம கம்பெனிது டாக்டர். புத்தம் புதுசு. அமெரிக்காவுக்கே போகுது."

"அப்ப சரி," என்றார் டாக்டர். அவர் என்ன கண்டார் பாவம்.

எங்களிடம் சனிக்கிழமைதோறும் உடைசல் கொடுப்பார்கள். ஊறி, உறைந்து, தரம் பிரிக்கும்போது வால் உடைந்தது, நடுவில் முறிந்தது. டப்பாவுக்கு ஆகாது, ஆளுக்கு ஒரு பை. அந்தப் பைகள் என் அறையில்தான் இருக்கும். ஜசிந்தாவின் பையை நானே பொறுக்கி வைப்பேன். பெரிய துண்டாக, சுத்தமாக. நோயாளிப் பெண் சாப்பிடுவதல்லவா, இன்னும் அரைப் பை கூடக் கொடுப்பேன். டெல்மாவுக்கு வேறெதுவும் இறங்காது. வெள்ளைக்கருவைக் கண்டாலே குமட்டும். இறால் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். வாரத்தில் ஐந்து நாள் இறால்.

அடுத்த மாதம் எண் எட்டு புள்ளி நான்கு.

அரிப்பு ஆரம்பித்தது. பாஸ்பேட் ஏறினால் தோலுக்குள்ளிருந்து அரிக்கும். டெல்மா சீப்பால் சொறிவாள், தேங்காய் நாரால் சொறிவாள், முதுகை வாசல் நிலையில் வைத்துத் தேய்ப்பாள். கையெல்லாம் ரத்தக் கோடு. டாக்டர் ஜசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஏமாத்துறா. இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாமே இப்படித்தான். நீங்க கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. ஜசிந்தா மகளின் பையைச் சோதிப்பாள். தலையணை உறையைக் கழற்றிப் பார்ப்பாள். முனையில் இருக்கும் பேக்கரிக்காரனிடம் போய், "எம் பொண்ணுக்கு ஒரு பப்ஸ் குடுத்தேன்னு தெரிஞ்சுது, கடைக்கு முன்னால உக்காந்து ஒப்பாரி வைப்பேன்" என்று மிரட்டிவிட்டு வந்தாள். கம்பெனியில் மட்டும் முன்போலவே வேலை. பொடி, உப்பு, ஐஸ், விரல்.

ஒன்பது புள்ளி ஒன்று வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகும்போது என்ன கொண்டுபோனேன் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு பை உடைசல். அடுப்பில் ஏற்கெனவே இறால் வெந்துகொண்டிருந்தது. டெல்மா வடிதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"வாங்க மேடம். இந்த மாசம் ஒம்போது. இன்னும் ஒண்ணு எடுத்தா பத்துக்குப் பத்து, ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடலாம்." பிறகு சட்டிக்குள் பார்த்து, "ஏம்மா, நம்ம காயல் இறாலு வெந்தா சுண்டிப்போகும்ல? இது போட்ட மாதிரியே கெடக்கே" என்றாள்.

"என் கை பட்ட இறாலுடீ அது! சுருங்குமா?" என்றாள் ஜசிந்தா. அந்தக் கவலையிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். முதுகலை படித்தவள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்போதுதான் ஜசிந்தா மகளின் மருத்துவமனைப் பையை உதறினாள். ஒரு பிஸ்கெட் உறை விழுந்தது.

"இதென்னடீ?"

"சுகர் இறங்கிடுச்சுன்னு நர்ஸ் ரெண்டு குடுத்தாங்க. போன வாரம்."

"நர்ஸ் குடுத்தாளா, நீ வாங்குனியா?"

"நர்ஸக் கேளு."

"நான் ஏன் அவளக் கேக்கணும்? நீ சொல்லு!" ஜசிந்தா சுவரில் மாட்டியிருந்த செபஸ்தியார் படத்தை இறக்கினாள். மெழுகுவத்தி கொளுத்தி மகளின் முன்னால் நீட்டினாள். எங்கள் பக்கத்தில் புனிதர் முன்னால் மெழுகுவத்தி பிடித்துச் சத்தியம் பண்ணினால் அப்புறம் பேச்சில்லை. "திருட்டுத்தனமா எதுவும் தின்னலைன்னு இதப் பிடிச்சுச் சொல்லு. சொல்லிட்டா நான் நம்புறேன்."

டெல்மா கையை நீட்டவில்லை. "எனக்குத் திருடத் தெரிஞ்சிருந்தா ஒரு கிட்னியத் திருடியிருப்பேன்மா. பப்ஸையா திருடுவேன்?"

"பேச்சு மாத்தாத. பிடி!"

"பிடிக்க மாட்டேன். நான் சொன்னா நம்பணும். மெழுகுவத்தி சொன்னாத்தான் நம்புவேன்னா நீ மெழுகுவத்திக்கே அம்மாவா இரு."

ஜசிந்தா அவளை அறைந்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கையால் டெல்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை. "நாக்கு ருசிக்கு அலையுற நாயே! எம் வயித்தக் கிழிச்சு உனக்குக் குடுக்கக் காத்துக்கிடக்கேன், நீ பேக்கரிக்கு ஓடுறியா?" என்று கத்திவிட்டு ஜசிந்தா தரையில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன்? டெல்மாவின் தோளைத் தட்டி, "அம்மா சொல்றதக் கேளு மோளே, உன் நல்லதுக்குத்தான" என்றேன். பையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று முதல் டெல்மா தாயிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். கொடுத்தது இறால்.

மூன்று வாரம் கழித்து டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வுக்காரி வந்தாள். இளவயதுப் பெண், குட்டை முடி, ரப்பர் பூட்ஸைத் தானே கொண்டுவந்திருந்தாள். வழக்கம்போல ஜசிந்தா முன்னால். வந்தவள் ஆங்கிலத்தில் கேட்பதை நான் எங்கள் பேச்சில் மாற்றிச் சொல்ல வேண்டும், இவள் சொல்வதை ஆங்கிலத்தில் திருப்ப வேண்டும்.

"இந்தப் பொடி கடைசியில் இறாலில் மிஞ்சுமா?"

"மேலாப்புலதான் இருக்கும், கழுவினா போயிடும்," என்றாள் ஜசிந்தா, நேராகக் கண்ணைப் பார்த்து.

ஆய்வுக்காரி தொட்டியிலிருந்து ஒரு இறாலை எடுத்தாள். எழுதும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இறாலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, சும்மா கணக்குப் போடுவதுபோல ஒரு கேள்வி கேட்டாள். நான் யோசிக்காமல் அப்படியே மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"பொடி எல்லாம் கழுவினா போயிடுதுன்னா, வெந்தப்புறமும் உள்ள தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கிறது யாருன்னு கேக்குறாங்க."

ஜசிந்தா வாயைத் திறந்தாள். மூடினாள். தொட்டிக்குள் இருந்த கையை வெளியே எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ புரதம், இழை என்று ஆங்கிலத்தில் சமாளித்து ஆய்வுக்காரியை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வக்கச்சன் அன்றைக்குக் கொடுத்த மாதிரிகள் எல்லாம் அளவோடு தனியாக ஊற வைத்தவை, அவை பாஸாகிவிட்டன.

மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஜசிந்தா என் அறைக்கு வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கதவைச் சாத்தினாள்.

"மேடம். கழுவினா போகுமா, போகாதா?"

"மேல ஒட்டியிருக்கிறது போகும் சேச்சி."

"உள்ள போனது?"

நான் காகிதத்தை அடுக்கினேன்.

"வேக வெச்சா?"

"வேக வெச்சு வடிச்சா கொஞ்சம் போகும். மிச்சம் இருக்கும். இருந்தாத்தான சேச்சி சுருங்காம இருக்கும்."

"எம் பொண்ணு ரத்தத்துல ஏறுதுன்னு டாக்டர் சொல்றது இதுதானா?"

"இதுதான்." காகிதத்தைக் கீழே வைத்தேன். "மீன்ல, பருப்புல தானா இருக்கிறது பாதிதான் உடம்புல சேரும். இப்படிப் பொடியாப் போட்டது ஏறக்குறைய அத்தனையும் சேர்ந்துடும்."

"நான் உங்ககிட்டக் கேட்டேனே மேடம்," என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டாக்டர் முதல் தடவ அந்தப் பேரச் சொன்னப்பவே எனக்குச் சாக்கு ஞாபகம் வந்துச்சு. ஓடி வந்து கேட்டேன். இதே நாற்காலியில உக்காந்திருந்தீங்க. உடைசல் குடுக்கலாமான்னு கேட்டேன். தலையக்கூடத் தூக்காம, கழுவினா போயிடும் சேச்சி, கவலப்படாதீங்கன்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. ஏதோ ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்திருப்பேன். வாயில் ஊறிக் கிடந்த வாக்கியம் தானாக வந்திருக்கும். தெரிந்தே பொய் சொன்னேன் என்றாலாவது ஒரு பாவக்கணக்கில் சேரும், இது அதற்குக்கூட லாயக்கில்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு என் மேலேயே அடங்கவில்லை.

"நான் டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்," என்றாள். "எம் பொண்ணு திருடலைன்னு சொல்லணும்."

இங்கேதான் நான் என் படிப்பைப் பயன்படுத்தினேன். "சொன்னா டாக்டர் எழுதி வைப்பாரு சேச்சி. எந்தக் கம்பெனி, எவ்வளவு பொடின்னு கேப்பாங்க. பேப்பர்ல வரும். வக்கச்சன் உங்கள மறுநாளே வெளிய தள்ளுவான். அட்டை போயிடும். ஆபரேஷன் அதுலதான நடக்கணும்? அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க மாத்திரை அதுலதான வாங்கணும்? இறால நிறுத்திடுங்க. எண் தானா இறங்கும். யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்."

என் வேலையும் போகும் என்பதை நான் சொல்லவில்லை. அது அவளுக்கும் புரிந்திருக்கும்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க," என்றாள். "நீங்க பக்கத்துல நின்னாத்தான் நான் வாயத் திறக்காம இருப்பேன்."

வீட்டுக்குப் போய் உறைபெட்டியில் இருந்த பைகளைக் காயலில் கொட்டினாள். டெல்மா கேட்டிருக்கிறாள், ஏன் என்று. "இனி இறாலு வேணாம். வெள்ளைக்கரு தின்னு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். டெல்மா மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அவள் மடையச்சி இல்லை. தாயின் தொட்டியைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும், சின்ன வயதில் அந்த வாக்கியத்தை விளையாட்டாக ஒப்பித்துக் காட்டியவள்.

எண் இறங்கியது. அடுத்த மாதம் ஆறு புள்ளி மூன்று. அதற்கடுத்த மாதம் ஐந்து புள்ளி ஒன்று. சொறிந்த புண்கள் காய்ந்தன. இன்னும் ஒரு மாதம் இப்படியே நின்றால் தேதி குறித்துவிடலாம் என்று டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

"என்ன டெல்மா, பேக்கரிய இழுத்து மூடியாச்சா? ஒண்ணுமே தின்னலைன்னு இத்தனை மாசமா சாதிச்சியே. பாரு, நிறுத்துனதும் எப்படி இறங்குச்சுன்னு! இதுக்கு உங்கம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்."

ஜசிந்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு பிரிந்தது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவ்வளவுதான், தொட்டேன். உதடு மூடிக்கொண்டது.

டெல்மா தாயைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா டாக்டர். திருட்டுத்தனமா வாங்கித் தின்னேன். பப்ஸ், கோலா எல்லாம். இப்ப விட்டுட்டேன்."

"சமத்து. உண்மைய ஒத்துக்கிட்டா பாதி நோய் போச்சு," என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

வெளியே நடைபாதையில் ஜசிந்தா மகளின் கையை எட்டிப் பிடித்தாள். "ஏன்டீ மோளே அப்படிச் சொன்ன? நீ தின்னலைன்னு எனக்குத் தெரியும்டீ. ஏன்டீ சொன்ன?"

டெல்மா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "நீதானம்மா சத்தியம் பண்ணச் சொன்ன. பண்ணிட்டேன்."

அறுவை நன்றாகவே நடந்தது. ஜசிந்தாவின் இடது சிறுநீரகம் டெல்மாவுக்குள் போய் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டது. சர்ச்சின் பங்குத் திருவிழாவில் ஜசிந்தாவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தாய்மை, தியாகம் என்று என்னென்னவோ பேசினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. டெல்மா வரவில்லை. அவள் இப்போது தோப்பும்படியில் சித்தி வீட்டில் இருக்கிறாள், ஒரு ஜெராக்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறாள். மாத்திரை மட்டும் மாதாமாதம் அம்மாவின் அட்டையில் வருகிறது. ஜசிந்தா வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். டெல்மா வாசலில் வாங்கிக்கொண்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்பாளாம். உள்ளே கூப்பிடுவதில்லை. தாய் கொண்டுபோகும் பலகாரத்தைச் சித்தியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாளாம்.

மூன்று மாதம் வீட்டிலிருந்துவிட்டு ஜசிந்தா வேலைக்குத் திரும்பினாள். சாக்குத் தூக்கக் கூடாது, அதற்கு வேறு ஆள். பொடி கரைப்பதும் விரல் வைப்பதும் அவள்தான். வக்கச்சன் வாசலுக்கே வந்து வரவேற்றான். அவள் இல்லாத மூன்று மாதத்தில் இரண்டு சரக்கு கண்ணாடியாகிப் போயிருந்தது.

சனிக்கிழமை உடைசலை அவள் வாங்குவதில்லை. மற்றவர்கள் வாங்குகிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். நான்தான் பை போட்டுக் கொடுக்கிறேன். யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை.

போன வாரம் மறுபடியும் ஓர் ஆய்வுக்காரன் வந்தான். வயதானவன், தொப்பைக்காரன், அவசரத்தில் இருந்தான். ஜசிந்தாவைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். பொடி மிஞ்சுமா என்று அதே கேள்வியை அவன் கேட்டான். நான் மாற்றிச் சொன்னேன்.

தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள் ஜசிந்தா. அவனை அவள் பார்க்கவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"மேலாப்புலதான் இருக்கும்," என்றாள். "கழுவினா போயிடும்னு சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.